சாரதிக்குக் குமட்டுவதில்லை

அமெரிக்காவில் வசிக்கும் என் தங்கையின் மகள் சில வாரங்களுக்கு முன் தொலைபேசியில் பேசியபோது, சாரதி இல்லாத டாக்ஸியில் முதன்முதலாகப் பயணம் செய்த கதையைச் சொன்னாள். ஆளில்லாத ஆசனத்தின் முன்னே சுக்கான் தானாகத் திரும்புவதைப் பார்க்கும்போது எப்படி இருந்தது என்று கேட்டேன். பத்திரிகைக்காரன் கேட்கும் கேள்வி அதுதானே. அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "பயம் ஒன்றும் இல்லை மாமா, வயிற்றைத்தான் பிரட்டினது. அம்மம்மா இருந்திருந்தால் ஒரு தேசிக்காய் தந்திருப்பா."

அது எந்த நிறுவனத்தின் வண்டி என்பது இங்கு முக்கியமில்லை. வண்டி மென்மையாகத்தான் ஓடியதாம். அவள் வழி முழுவதும் கைத்தொலைபேசியில் கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். சாரதி இல்லாத காரின் பெரிய கவர்ச்சியாகச் சொல்லப்படுவதே அதுதான்: வாகனம் ஓட்டுவதில் வீணாகும் நேரத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம். அந்த வேலையைச் செய்யத் தொடங்கிய கால் மணி நேரத்தில் அவளுடைய வயிறு மறுப்புத் தெரிவித்துவிட்டது.

அவள் அம்மம்மா என்று சொன்னது என் தாயாரை. எங்கள் குடும்பத்தில் 'பஸ் ஒத்துக்கொள்ளாத' பிறவி என்று பெயர் வாங்கியவர் அவர். தங்கை பலாங்கொடைப் பக்கத்தில் ஆசிரியையாக இருந்த காலத்தில், வெள்ளவத்தையிலிருந்து அவளைப் பார்க்கப் போவது அம்மாவுக்கு ஒரு தண்டனையாக இருந்தது. அது ரயில் போகாத ஊர். இரத்தினபுரியைத் தாண்டியதும் வீதி வளையத் தொடங்கும். முந்தைய நாள் இரவே உணவைக் குறைத்துக்கொள்வார். கைப்பையில் தேசிக்காயும், இஞ்சித் துண்டும், மடித்த சொப்பிங் பைகள் நான்கைந்தும் இருக்கும். போய்ச் சேர்ந்த நாள் முழுவதும் படுக்கை. மறுநாள்தான் பேரப்பிள்ளையைத் தூக்குவார். திரும்பி வரவேண்டுமே என்ற கவலை அன்றைக்கே தொடங்கிவிடும். தங்கை அங்கே இருந்த ஆறு ஆண்டுகளில் அம்மா அங்கு போனது மூன்றே தடவைகள். தூரம் நூற்று நாற்பது கிலோமீற்றர் அளவுதான். அந்தத் தூரத்தை அவருக்கு எட்டாததாக்கியது வயிறு.

இதை நாங்கள் ஒருபோதும் போக்குவரத்துப் பிரச்சினையாகக் கருதியதில்லை. அம்மாவின் உடல்வாகு என்று கருதினோம். இன்று கலிபோர்னியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும் பொருட்செலவில் இதே குமட்டலை ஆராய்கிறார்கள் என்று அறியும்போதுதான், அம்மாவுக்கு நாங்கள் இழைத்தது ஒரு சிறிய அநீதி அல்ல என்று தோன்றுகிறது.

பயணக் குமட்டல் ஏன் வருகிறது என்பதற்குப் பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம் ஒன்று உண்டு. நமது உட்செவியில் கேட்பதற்கான உறுப்புக்கு அருகிலேயே சமநிலைக்கான உறுப்பும் இருக்கிறது. அதிலுள்ள மூன்று அரைவட்டக் கால்வாய்கள் தலை சுழல்வதை உணர்கின்றன. அவற்றையடுத்த இரண்டு சிறு பைகள், வேகம் கூடுவதையும் குறைவதையும், உடல் சாய்வதையும் உணர்கின்றன. பஸ் வளைவில் திரும்பும்போது உட்செவி 'நாம் அசைகிறோம்' என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. அதே வேளையில் கண்ணோ முன்னாலுள்ள ஆசனத்தின் முதுகையோ, கையிலுள்ள புத்தகத்தையோ பார்த்துக்கொண்டு 'நாம் அசையவில்லை' என்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்படும்போது மூளை தடுமாறுகிறது. பிரித்தானிய ஆய்வாளர்களான ரீசனும் பிராண்டும் 1975இல் எழுதிய நூல் இந்த விளக்கத்தை விரிவாக நிலைநாட்டியது. தடுமாற்றம் ஏன் வாந்தியில் முடிய வேண்டும் என்பதற்கு 1977இல் டிரைஸ்மன் என்ற ஆய்வாளர் சுவையான ஒரு கருதுகோளை முன்வைத்தார். புலன்கள் இப்படிக் குழம்புவது ஆதிகாலத்தில் நஞ்சை உண்டதன் அறிகுறியாக இருந்தது. ஆகவே மூளை வயிற்றைக் காலி செய்யக் கட்டளையிடுகிறது என்றார் அவர். பஸ்ஸில் ஏறிய பாவத்துக்கு நஞ்சுண்டவருக்கான சிகிச்சை!

உட்செவியின் சமநிலை உறுப்பு அறவே இயங்காதவர்களுக்குப் பயணக் குமட்டல் வருவதில்லை. மற்ற எல்லோருக்கும், போதிய அளவு ஆட்டம் கொடுத்தால் ஏதோ ஒரு கட்டத்தில் வரும். 'பீகிள்' கப்பலில் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் உலகைச் சுற்றிய டார்வின் கடைசிவரை கடற்குமட்டலால் அவதிப்பட்டார். கடற்போர்களில் வென்ற நெல்சனும் அதற்குத் தப்பவில்லை. ஆங்கிலத்தில் குமட்டலைக் குறிக்கும் சொல்லே கப்பலுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகேறிய எவருக்கும் அந்தச் சொற்பிறப்பை விளக்கத் தேவையில்லை. ஆனாலும் குமட்டல் எல்லோரையும் சமமாக நடத்துவதில்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கைக்குழந்தைகளை அது பெரும்பாலும் தொடுவதில்லை. இரண்டு வயதுக்குப் பின் தொடங்கி, பள்ளிக்கூடம் போகும் வயதில் உச்சத்தை அடைந்து, பின்னர் மெல்லத் தணிகிறது.

எல்லா ஆட்டமும் குமட்டலைத் தருவதில்லை என்பதும் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று. குழிகளில் விழுந்தெழும் முச்சக்கர வண்டியின் வேகமான குலுக்கம் முதுகை நோகச் செய்யுமே தவிர வயிற்றை அவ்வளவாகப் பிரட்டாது. 1970களில் அமெரிக்காவில் இளைஞர்களை மேலும் கீழும் அசையும் அறையில் அமர்த்திச் செய்த ஆய்வுகளில், ஏறக்குறைய ஐந்து வினாடிக்கு ஒரு முறை என்ற கணக்கில் வரும் மெதுவான அசைவே ஆகக் கூடுதலாக வாந்தி எடுக்க வைத்தது. கப்பலின் ஆட்டம் அத்தகையது. வளைவுக்கு வளைவு பக்கவாட்டில் சாயும் பஸ்ஸின் அசைவும், வேகமெடுத்துப் பிரேக் அடித்து மீண்டும் வேகமெடுக்கும் அசைவும் அதே இனத்தைச் சேர்ந்தவை. ஆகவே வீதியைக் காப்பெற்றாகச் செப்பனிட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை. வாகனம் எப்படி ஓட்டப்படுகிறது என்பதே பெரிய கேள்வி.

இங்கேதான் சாரதி வருகிறார். அதே வாகனத்தில், அதே வளைவுகளில், அதே ஆட்டத்தை அனுபவிக்கும் சாரதிக்குக் குமட்டல் வருவது மிக அரிது. இஸ்ரேலிய ஆய்வாளர்கள் இருவர் 1991இல் இதனைச் சோதித்தார்கள். சுழலும் மேடையில் இருவர் இருவராக அமர்த்தி, ஒருவர் கையில் மட்டும் சுழற்சியின் கட்டுப்பாட்டைக் கொடுத்தார்கள். இருவரும் ஒரே அசைவுக்கே ஆளானார்கள். ஆனால் கட்டுப்பாடு கையிலில்லாதவரே அதிகம் துன்பப்பட்டார். காரணம் எளிது. வளைவு வரப்போகிறது, பிரேக் விழப்போகிறது என்பது ஓட்டுபவருக்கு முன்கூட்டியே தெரியும். அவருடைய உடல் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது. பயணிக்கோ ஒவ்வொரு வளைவும் அறிவிப்பின்றி வரும் செய்தி. நோய் ஓரளவு அசைவிலே இருக்கிறது. மிகுதி, அடுத்து என்ன நடக்கும் என்று அறியாமலிருப்பதில் இருக்கிறது.

இப்போது சாரதியற்ற காருக்கு வருவோம். அதில் எல்லோரும் பயணிகள். காலமெல்லாம் சுக்கானைப் பிடித்திருந்ததால் குமட்டலை அறியாதிருந்தவரும் பின்னாசனத்துக்காரராகிவிடுகிறார். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களான சிவாக்கும் ஷோட்லும் 2015இல் வெளியிட்ட அறிக்கையொன்று, முழுமையாகத் தானே ஓடும் வாகனங்களில் செல்லும் அமெரிக்க வயதுவந்தோரில் 6 முதல் 10 சதவீதமானோர் அடிக்கடியோ எப்போதுமோ ஏதோ ஒரு அளவு குமட்டலை அனுபவிப்பார்கள் என்று மதிப்பிட்டது. பயணத்தின்போது வாசிப்போம், செய்தி அனுப்புவோம், படம் பார்ப்போம் என்று மக்கள் கூறியதை அடிப்படையாகக்கொண்ட மதிப்பீடு அது. அதே ஆண்டில் மெர்சிடிஸ் நிறுவனம் எஃப் 015 என்ற மாதிரிக் காரைக் காட்சிக்கு வைத்தது. அதில் முன்னாசனங்கள் பின்னோக்கித் திரும்பி, நால்வரும் முகம் பார்த்துப் பேசக்கூடிய வரவேற்பறையாக மாறும். பார்க்க அழகானதுதான். ஆனால் முதுகைப் பாதைக்குக் காட்டி, கண்ணைத் திரையில் பதித்து அமர்வது, உட்செவியையும் கண்ணையும் சண்டையிட வைப்பதற்கு மிகச் சிறந்த ஏற்பாடு.

அன்று முதல் பரிகாரங்கள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. 2018இல் பிரெஞ்சு நிறுவனமான சிட்ரோயன், சட்டகத்துக்குள் நீலத் திரவம் அசைந்து கண்ணுக்குச் செயற்கையான அடிவானத்தைக் காட்டும் மூக்குக்கண்ணாடியை விற்பனைக்கு விட்டது. 2024இல் அப்பிள் நிறுவனம் தனது தொலைபேசித் திரையின் ஓரங்களில், வாகனம் திரும்பும் திசைக்கும் வேகத்துக்கும் ஏற்ப நகரும் புள்ளிகளைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பகுதியில் 2020 முதல் சாரதியே இல்லாமல் பொதுமக்களை ஏற்றிச் செல்லும் வேமோ நிறுவனம், சுற்றியுள்ள வாகனங்களையும் தனது கார் எடுக்கவிருக்கும் பாதையையும் பயணி பார்க்கும்படி உள்ளே ஒரு திரையில் காட்டுகிறது. பயணியின் நம்பிக்கையைப் பெறுவதற்கு மட்டுமன்றி, அடுத்து வருவதை அவர் அறிந்துகொள்வதற்கும் அது உதவும். பிரேக்கின் அழுத்தம் எவ்வளவு, அது எவ்வளவு திடீரென்று கூடுகிறது, வளைவில் எந்த வேகம் என்பனவற்றையெல்லாம் பொறியியலாளர்கள் எண்களாக்கி, இயந்திரத்துக்கு எல்லை வகுக்கிறார்கள். பயணியின் வயிறு ஓர் அளவுகோலாக ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது.

வரவேற்க வேண்டிய விடயந்தான். ஆனால் என்னை உறுத்தும் கேள்வி ஒன்று இருக்கிறது: ஏன் இப்போது? பஸ் பயணிகள் தலைமுறை தலைமுறையாக யன்னல் வழியே சத்தி எடுத்துக்கொண்டிருந்தபோது இந்த அக்கறை எங்கே போயிருந்தது? ஆராய்ச்சி இல்லாமல் இல்லை. பிரித்தானியாவில் டேர்னரும் கிரிஃபினும் 3,000க்கும் மேற்பட்ட பஸ் பயணிகளிடம் கேட்டறிந்து 1999இல் வெளியிட்ட ஆய்வுகள் தெளிவானவை. முன்னால் விரியும் பாதையைப் பார்க்க முடியாத பயணிகளிடம் குமட்டல் கணிசமாக அதிகமாக இருந்தது. பஸ்ஸின் பக்கவாட்டு அசைவு கூடக்கூட நோயும் கூடியது. சாரதிக்குச் சாரதி அந்த அசைவு வேறுபட்டது. பஸ் பயணியின் குமட்டல் விதியல்ல, வண்டியை ஓட்டும் முறையாலும் ஆசனத்தை அமைக்கும் முறையாலும் கூட்டவும் குறைக்கவும் கூடியது என்பது கால் நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. அதற்காக எவரும் மூக்குக்கண்ணாடி செய்யவில்லை. கார் உரிமையாளர் பயணியாக மாறப்போகிறார் என்றதும் உலகம் விழித்துக்கொண்டது. சுக்கானைப் பிடித்திருந்தவரின் வயிறு கலங்கும்வரை, பின்னாலிருந்தவரின் வயிறு கணக்கில் வரவில்லை.

நமது நாட்டை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் சொகுசு பஸ்களில் பயணித்தவர்களுக்கு மெர்சிடிஸின் வரவேற்பறை புதிதாகத் தோன்றாது. குளிரூட்டி, யன்னல்களில் திரைச்சீலை, சாயும் ஆசனம், முன்னே தொலைக்காட்சியில் சினிமாப் படம். சாதாரண பஸ்ஸைவிட அதிக கட்டணம் கொடுத்து, பாதையைப் பார்க்கும் வாய்ப்பை விட்டுக்கொடுத்துவிட்டு, அசையும் திரையில் கண்ணை வைக்கிறோம். கண்ணை மூடித் தூங்கிவிடுபவர் தப்பிவிடுவார். தூக்கமும் ஒரு மருந்துதான். படத்தின் உச்சக்கட்டத்தைப் பார்க்க விழித்திருப்பவரின் கதி வேறு. சொகுசு என்று நாம் பெயரிட்டு விற்பவற்றுள் பாதி, உட்செவியின் கண்ணோட்டத்தில் சொகுசுக்கு நேரெதிரானவை.

சாதாரண பஸ்ஸின் கதை இன்னும் எளிமையானது. ஹெவ்லொக் டவுனில் நான் குடியிருக்கும் வீட்டிலிருந்து சில அடி நடந்தால் ஹெவ்லொக் வீதி. மாலையில் அங்கே நின்று பார்த்தால், முன்னால் போகும் பஸ்ஸை அடுத்த தரிப்பிடத்துக்கு முன் முந்திவிட வேண்டும் என்று சீறிப் பாயும் பஸ்ஸையும், முந்தியதும் தரிப்பிடத்தில் குத்தென்று நிற்பதையும், பிறகு பின்னால் வருபவன் கண்ணில் படும்வரை ஊர்வதையும் காணலாம். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் போனாலும் இதே காட்சிதான். இது சாரதியின் குணக்கேடு என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் தனியார் பஸ்களில் பெரும்பாலான சாரதிகளும் நடத்துனர்களும் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். உரிமையாளருக்குரியதைக் கொடுத்த பின் எஞ்சும் நாளாந்த வசூலில்தான் அவர்களுடைய அடுப்பு எரிகிறது. தரிப்பிடத்தில் நிற்கும் ஒவ்வொரு பயணியும் முன்னால் போகும் பஸ்ஸுக்கா பின்னால் வரும் பஸ்ஸுக்கா என்ற போட்டியில், பிரேக்கை மென்மையாக அழுத்துபவர் தோற்றுப் போவார். 1958 ஜனவரியில் பஸ் சேவைகள் அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானபோது நிறுத்த நினைத்தவற்றுள் இந்தப் போட்டியும் ஒன்று. 1979இல் தனியாருக்கு மீண்டும் வழிவிட்டபோது போட்டியும் திரும்பி வந்தது. அரசுச் சபையின் குறைகளை மறந்துவிட்டுப் பழம்பெருமை பேச நான் வரவில்லை. பயணியின் வயிற்றைப் பிரட்டுவது ஒரு சம்பள முறை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இந்த இடத்தில் இயந்திரத்துக்கு ஒரு நியாயம் செய்தாக வேண்டும். சாரதியற்ற காருக்கு நாளாந்த வசூல் கிடையாது. முன்னால் போகிறவனோடு அதற்குப் பகையும் கிடையாது. மென்மையாக ஓட்டு என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அவசரத்தில் உயிர்காக்க மட்டுமே அது திடீரென்று பிரேக் அடிக்கும். இந்தியாவின் வீதிப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, சாரதிகளின் தொழில் பறிபோகும் என்ற காரணத்தால் அத்தகைய கார்களை அனுமதிக்கப் போவதில்லை என்று 2017இல் சொன்னார். 2023 டிசம்பரிலும் அதை மீண்டும் சொன்னார். தொழில் பற்றிய அவருடைய கவலை நமக்கும் பொருந்தும். ஆனால் சாரதியைக் காப்பாற்ற வேண்டுமானால், இயந்திரத்துக்குக் கொடுக்கப்படும் நிதானத்தைச் சாரதிக்கும் கொடுக்க வேண்டும். போட்டிக்குள் தள்ளிவிட்டு, இயந்திரத்தைவிட நீ மோசமாக ஓட்டுகிறாய் என்று நாளை அவரைக் குற்றம் சொல்வது நேர்மையாகாது.

உயிர்களே போய்க்கொண்டிருக்கும் வீதிகளில் குமட்டலைப் பற்றி எழுதுவது ஆடம்பரம் என்று சிலர் நினைக்கக்கூடும். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் விழுந்து பதினைந்து பேர் மாண்டார்கள். இத்தகைய செய்திகளை முதல் பக்கத்தில் போட்டு வாழ்நாளைக் கழித்தவன் நான். பத்திரிகைகளாகிய எங்களுடைய பிழையும் அங்கேதான் இருக்கிறது. பஸ் விழுந்தால் செய்தி. விழாமல் போய்ச் சேர்ந்தால், உள்ளே இருந்தவர்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்பது செய்தியில்லை. ஒவ்வொரு விபத்துக்கும் தனித்தனிக் காரணங்கள் இருக்கும். அவற்றை விசாரணைகள் சொல்லட்டும். ஆனால் கூர்மையாகத் திரும்புவதும், கடைசி நொடியில் பிரேக் அடிப்பதும், முந்துவதற்காகப் பாய்வதும் வயிற்றுக்கு ஒன்று, உயிருக்கு வேறொன்று என்று பிரிந்திருக்கவில்லை. ஒரு பஸ்ஸில் நாள்தோறும் நான்கு பேர் சத்தி எடுக்கிறார்கள் என்றால், அந்த பஸ் எப்படி ஓட்டப்படுகிறது என்பதை விபத்து நேர்வதற்கு முன்பே நமக்குச் சொல்லும் சாட்சி அது.

அந்தச் சாட்சியைச் சொல்பவர்கள் யார் என்று பாருங்கள். ஹற்றனிலிருந்தும் பதுளையிலிருந்தும் கொழும்பில் வேலைக்கு வந்து, பண்டிகைக்கு மட்டும் ஊர் திரும்பும் பெண்கள். காலை ஆறு மணிக்கே பள்ளிக்கூட வேனில் பக்கவாட்டாக நெருக்கி அமர்த்தப்படும் குழந்தைகள். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் மருந்தேற்றிக்கொண்டு, அந்த மருந்தே தரும் குமட்டலோடு தூர ஊர்களுக்கு பஸ் ஏறும் நோயாளர்கள். இவர்களில் எவரும் முறைப்பாடு எழுதப் போவதில்லை. 'எனக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது' என்று தம்மையே குற்றவாளியாக்கிக்கொள்வார்கள். மருந்துக் கடையில் மாத்திரை வாங்குவார்கள். அது தரும் மயக்கத்தில் ஒரு நாளை இழப்பார்கள். அல்லது என் தாயாரைப் போல, போகாமலே இருந்துவிடுவார்கள். போகாதவர்கள் எந்தப் புள்ளிவிபரத்திலும் வருவதில்லை. வேண்டாமென்று விட்ட வேலைவாய்ப்பு, தள்ளிப்போட்ட சிகிச்சை, பார்க்காமல் விட்ட பேரப்பிள்ளை என்று அந்தக் கணக்கு வீடுகளுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

செய்யக்கூடியது என்ன? கலிபோர்னியாவின் பணம் நமக்குத் தேவையில்லை. முதலாவது, பஸ்ஸின் முன்வரிசையில் மதகுருமாருக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் ஆசனம் ஒதுக்கும் வழக்கம் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. பாதை தெரியும் இன்னும் இரண்டு ஆசனங்களைக் குமட்டல் உள்ளவர்களுக்கென ஒதுக்கினால் செலவு ஓர் அறிவிப்புப் பலகை மட்டுமே. இரண்டாவது, பகல் நேரத் தூர பஸ்களில் திரைச்சீலையையும் படத்தையும் கட்டாயமாக்கி வைத்திருக்கும் வழக்கத்தைக் கைவிடலாம். மூன்றாவது, சாதாரண கைத்தொலைபேசி ஒவ்வொன்றிலும் அசைவை அளக்கும் கருவி இருக்கிறது. பஸ்ஸில் பொருத்திய ஒரு தொலைபேசி, அன்று எத்தனை தடவை பிரேக் குத்தாக விழுந்தது, எந்த வளைவில் எவ்வளவு சாய்ந்தது என்று பதிவு செய்துவிடும். மாகாணங்களுக்கிடையிலான சேவைகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவது, 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. கட்டணத்துக்கும் ஆசனத்துக்கும் விதிக்கும் நிபந்தனையைப் போல, மென்மையான ஓட்டத்துக்கும் அது ஒரு நிபந்தனை விதிக்கலாம். நான்காவதும் கடினமானதும், சாரதிக்கும் நடத்துனருக்கும் வசூலோடு கட்டுப்படாத சம்பளம். இது இல்லாமல் மற்ற மூன்றும் பாதிப் பயனே தரும். உரிமையாளர்கள் எதிர்ப்பார்கள். ஒரே வீதியில் ஓடும் பஸ்கள் வசூலைப் பொதுவில் சேர்த்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இல்லாமல் அது நடக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பிரச்சினையின் வேர் அங்கே இருக்கும்போது, தேசிக்காயை மட்டும் சிபாரிசு செய்துகொண்டிருக்க முடியாது.

சாரதியற்ற கார் காலி வீதிக்கு எப்போது வரும் என்று ஆரூடம் சொல்ல நான் விரும்பவில்லை. அதற்கு முன்னதாக, அதைச் செய்கிறவர்கள் கண்டறிந்த ஓர் உண்மையை நாம் இறக்குமதி செய்துகொள்ளலாம். அதற்குச் சுங்க வரி கிடையாது. ஒரு வாகனம் நன்றாக ஓடுகிறதா என்று சாரதியைக் கேட்டுப் பயனில்லை, அவருக்குக் குமட்டுவதில்லை. வீதிகளைத் திட்டமிடும் அதிகாரிகளும் அமைச்சர்களும் பெரும்பாலும் காரில் போகிறவர்கள். சிலர் தாமே ஓட்டுகிறார்கள், சிலருக்கு நல்ல சாரதிகள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டும் பயனில்லை. கடைசி வரிசையில், சக்கரத்துக்கு மேலுள்ள ஆசனத்தில், மடியில் சொப்பிங் பையோடு இருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

மருமகளிடம் அடுத்த முறை அந்த வண்டியில் ஏறினால் தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு முன்கண்ணாடி வழியே பாதையைப் பார்த்துக்கொண்டு போ என்று சொன்னேன். "அப்படியென்றால் நானே ஓட்டிக்கொண்டு போகலாமே மாமா" என்றாள். அவளுக்கு அந்தத் தெரிவு இருக்கிறது. அவளுடைய அம்மம்மாவுக்கு இருக்கவில்லை.